அச்சு முறிந்த தேர்

முன்னொரு காலத்திலே கருவேலநாட்டைச் செண்பகவேந்தன் என்றொரு ராஜா ஆண்டுகொண்டிருந்தான். நல்லவன்தான், ஆனால் நினைத்தால் நினைத்ததுதான்! அவனுடைய ஒரே மகள் காய்ச்சலில் செத்துப்போனாள். அரண்மனையே அழுதது. ராஜா மட்டும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

ஆஸ்தானக் கவிராயர் அம்பலவாணர் இரங்கற்பா பாட வந்தார். மனுஷனுக்கு வாய் சும்மா இருக்குமா? "தேய்ந்த நிலவு போலச் சென்றாள் இளவரசி" என்று ஆரம்பித்தார்.

"நிறுத்தும்! தேய்ந்த நிலவு திரும்ப வளரும். என் மகள் வருவாளா?" என்று கத்தினான் ராஜா. "உவமையெல்லாம் பொய். இனி என் நாட்டில் எவனாவது ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட்டால் நாக்கை அறுப்பேன்!"

மந்திரி திருமலைக்கொழுந்து தலையில் அடித்துக்கொண்டார். கடைத்தெருவில் "தேன் மாதிரி மாம்பழம்" என்று கூவ ஆளில்லை. பெற்ற பிள்ளையைக் "கண்ணே" என்று கொஞ்சத் தாய்மார்கள் பயந்தார்கள். ஊரே வாயடைத்துக் கிடந்தது.

கருமாதியன்று, இளவரசியைத் தூக்கி வளர்த்த செவிலி வெள்ளச்சியால் அடக்க முடியவில்லை. மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தாள்:

"ஓடி வந்த தேரே, என் அச்சு முறிஞ்ச தேரே, நிலைக்கு வராமப் போனாயே!"

கேட்டவர்களெல்லாம் கதறினார்கள். கவிராயருக்கு வயிறு எரிந்தது. தன் பாட்டுக்கு ஒருத்தரும் மூக்கைக்கூடச் சிந்தவில்லையே! நேரே ராஜாவிடம் போய்ப் போட்டுக்கொடுத்தார்.

மறுநாள் வெள்ளச்சியைச் சபையில் நிறுத்தினார்கள். "அவள் எதையும் எதனோடும் ஒப்பிடவில்லையே, மகாராஜா. தேர் என்றாள், அவ்வளவுதான்" என்றார் மந்திரி.

"அதுதான் பெரிய குற்றம்!" என்று குதித்தார் கவிராயர். "தேர் போன்றவள் என்றால் உவமை. பிள்ளையையே தேர் என்றால் உருவகம். உவமைக்கும் ஒரு படி மேல்!"

"நாக்கை அறுங்கள்" என்றான் ராஜா.

மந்திரி கெட்டிக்காரர், வைத்தியரை வாசலில் நிறுத்தி வைத்துவிட்டுத்தான் வந்திருந்தார். "அப்படியே ஆகட்டும். ஆனால் மகாராஜா வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டே நாளாகிறது. முதலில் வைத்தியர் நாடி பார்க்கட்டும்."

வைத்தியர் வந்து ராஜாவின் கையைப் பிடித்தார். "எங்கே வலிக்கிறது, மகாராஜா?"

"நெஞ்சில்."

"எப்படி வலிக்கிறது? குத்துகிறதா, எரிகிறதா?"

"குத்தவும் இல்லை, எரியவும் இல்லை. அம்மிக்கல்லைத் தூக்கி நெஞ்சின்மேல் வைத்த மாதிரி..."

ராஜா சட்டென்று நிறுத்தினான்.

மந்திரி கவிராயர் பக்கம் திரும்பினார். "இந்த விஷயமெல்லாம் கரைத்துக் குடித்தவர் நீர்தானே? மகாராஜா இப்போது சொன்னது என்ன, சொல்லும்."

உவமை என்றால் ராஜாவின் நாக்கு போக வேண்டும். அப்புறம் தன் தலை தங்குமா? கவிராயருக்கு வேர்த்துக் கொட்டியது.

"அது... அது உவமையில்லை ஐயா. வலி."

"அவள் சொன்னதும் அதுதான்" என்றார் மந்திரி. அந்தக் குழந்தையை அவரும் தோளில் சுமந்தவர்தான்.

ராஜா சிம்மாசனத்தை விட்டு இறங்கினான். "சட்டம் ஒழிந்தது. கவிராயரே, நீர் போய் ஒப்பாரிப் பெண்களோடு தரையில் உட்காரும். வாய் திறக்காமல் கேட்கப் பழகும்." பிறகு வெள்ளச்சியிடம் வந்தான். "இன்னொரு தடவை பாடு, தாயே."

வெள்ளச்சி வாயைத் திறந்தாள். பயத்தில் குரலே வரவில்லை. ராஜாவே ஆரம்பித்தான்: "ஓடி வந்த தேரே, என் அச்சு முறிஞ்ச..."

அதற்குமேல் அவனால் முடியவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதான்.

மந்திரிக்கு என்ன பரிசு கிடைத்தது என்று கேட்கிறீர்களா? ராஜாவின் பக்கத்தில் உட்கார்ந்து அவரும் அழுதார், வேறென்ன.