கூப்பிடு தூரம்

கல்லுக்கும் காது இருந்த அந்தக் காலத்தில், மரமும் பாறையுமாக ஒரு மலை இருந்தது. ஆனைமுழி மலை என்று பெயர். அதற்குப் புகழ்ச்சி என்றால் உயிர். யாராவது "அடேயப்பா, எவ்வளவு உயரம்!" என்று வாயைப் பிளந்தால் போதும், பூரித்துப்போய் ஒரு பனை உயரம் வளர்ந்துவிடும்.

அடிவாரத்து ஊரில் பேச்சி என்று ஒருத்தி. அவள் தம்பி சடையனுக்கு மலையுச்சி ஊரில் கல்யாணம். எல்லோரும் முதல்நாளே ஏறிவிட்டார்கள். பசு கன்று போடுகிற நேரமென்று பேச்சி மட்டும் தங்கிவிட்டாள். கன்று போட்டதும், விடிகாலையில் ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினாள். பொழுது உச்சிக்கு வருமுன் தாலி கட்டு. மூன்றாவது முடிச்சு நாத்தனார் போட வேண்டியது. இவள் போகாவிட்டால் சித்தி மகள் போட்டுவிடுவாள். போட்டுவிட்டுச் சும்மா இருப்பாளா? ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவாளே!

பேச்சிக்கோ வாய் சும்மா இராது. பாறைக்குப் பாறை நின்று, "யம்மாடி, வானத்தையே முட்டுதே!" என்பாள். மலை வளரும். ஏற ஏற உச்சி தள்ளித் தள்ளிப் போனது. மேலே கல்யாணக் கொட்டு கேட்டது, ஆனால் கிட்டே வரக் காணோம். பேச்சிக்கு அழுகையே வந்துவிட்டது.

மரத்திலிருந்து ஒரு மலையணில் எட்டிப் பார்த்தது. "அக்கா, முதல்ல வாயைக் கட்டுங்க. நீங்க புகழப் புகழத்தான் இது வளருது" என்று கிசுகிசுத்தது.

"அப்படியா சேதி?" பேச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எவ்வளவு தூரம்னு நீ சத்தமாக் கேளு."

"அக்கா, இன்னும் எவ்வளவு தூரம்?"

"அட போ! இந்தா, கூப்பிடு தூரந்தான். இதையும் ஒரு மலைன்னு சொல்லிக்கிட்டுத் திரியிறாங்களே!"

மலைக்கு மானமே போய்விட்டது. வெட்கத்தில் அப்படியே குறுகி உட்கார்ந்தது. பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து நின்றன. பார்த்தால், கல்யாணப் பந்தல் கண்ணெதிரே! சடையன் இரண்டு முடிச்சும் போட்டாயிற்று. சித்தி மகள் கையை நீட்டிவிட்டாள்.

"அடியே, கையை எடுடி!" என்று கத்தினாள் பேச்சி. அங்கே கேட்டுவிட்டது. எல்லோரும் திரும்பிப் பார்க்க, மூச்சிரைக்க ஓடிப்போய் மூன்றாவது முடிச்சை அவளே போட்டாள்.

அன்று முதல்தான், மலையேறுகிறவர்கள் எதிரே இறங்கி வருகிறவரிடம் "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டால், நாக்குத் தள்ளிப்போன ஆள்கூடச் சிரித்துக்கொண்டே, "இந்தா, கூப்பிடு தூரந்தான்" என்று சொல்லிவிட்டுப் போகிறார். பொய் சொல்கிறார் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள், அவர் உங்களுக்காக மலையைக் குட்டையாக்கிக்கொண்டிருக்கிறார்.