மேனேஜர் பேச்சைத் தட்டாத மூவர்

கோணக்காட்டு மில்லில் மூன்று பேர் பதினெட்டு வருஷமாகப் பஞ்சுப் பொதி தூக்கினார்கள். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு ஆள் மூளை இருந்திருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை. அவர்களில் வெள்ளியங்கிரி புத்திசாலி. அப்படிச் சொன்னதும் அவன்தான்.

ஒருநாள் மேனேஜர் மூவரையும் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். மில் கொடுத்திருந்த லைன் வீட்டையும் காலி பண்ண வேண்டுமாம்.

"நீங்க மில் தொழிலாளியே இல்லீப்பா. ஒவ்வொருத்தரும் தனிக் காண்ட்ராக்டர். உங்களுக்கு நீங்கதான் முதலாளி!"

வெள்ளியங்கிரி அன்று முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தான். "ஏனுங்க முதலாளி, சட்டிபானையத் தூக்கிட்டு எந்தத் தெருவுக்குப் போறதுங்க?" என்று மனைவி பழனியாத்தாள் கேட்ட பிறகுதான் நிமிர்த்திய நெஞ்சைக் கீழே இறக்கினான்.

மூவரும் சிவில் கோர்ட்டுக்கு ஓடினார்கள். "தொழிலாளின்னா லேபர் கோர்ட்டுக்குப் போங்க" என்றார் அந்த நீதிபதி. அங்கே போனால், "தொழிலாளிதான்னு முதல்ல நிரூபிங்க. காண்ட்ராக்டர்னா சிவில் கோர்ட்டுதான்" என்றார் இந்த நீதிபதி. படித்தவர்கள் பேச்சே தனி.

டீக்கடை பெஞ்சில் ஆலோசனை நடந்தது.

"நாம யாருன்னு தெரிஞ்சாத்தான் எந்தக் கோர்ட்டுன்னு தெரியும்" என்றான் ராக்கியப்பன்.

"எந்தக் கோர்ட்டுன்னு தெரிஞ்சாத்தான நாம யாருன்னு கேக்க முடியும்?" என்றான் தொப்பண்ணன்.

"அப்ப அதுவரைக்கும் நாம யாருமே இல்லியா?" என்றான் வெள்ளியங்கிரி.

மூவரும் மிரண்டுபோய் ஒருவரையொருவர் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

கடைசியில் ஒரு வக்கீல் லேபர் கோர்ட்டிலேயே வழக்குப் போட்டார். "தன் இஷ்டப்படி செய்யறவன் காண்ட்ராக்டர். மில் சொன்னபடி செய்யறவன் தொழிலாளி. மில் சொன்னா எதையும் தட்டமாட்டோம்னு காட்டுங்க, போதும்" என்று சொல்லிக்கொடுத்தார்.

விசாரணை நாளில் வெள்ளியங்கிரி கூண்டில் ஏறினான். மில் வக்கீல் விரலை நீட்டி, "நீ தொழிலாளி இல்லைன்னு உன் வாயாலேயே சொல்லு" என்றார்.

"நான் தொழிலாளி இல்லீங்க" என்றான் பளிச்சென்று.

அவனுடைய வக்கீல் தன் தலையில் கைவைத்துக்கொண்டார். நீதிபதி குனிந்து கேட்டார். "கேஸே போயிருமேப்பா! ஏன் அப்படிச் சொன்னே?"

"மில் வக்கீல் சொல்லச் சொன்னாருங்க. மில் சொன்னா நான் தட்டமாட்டனுங்க. பதினெட்டு வருசப் பழக்கமுங்க."

நீதிபதி சிரித்துவிட்டார். "இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? அசல் தொழிலாளி! மூணு பேருக்கும் வேலையும் வீடும் உண்டுன்னு எழுதறேன்."

பின்வரிசையில் பழனியாத்தாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மேனேஜருக்கோ பற்றிக்கொண்டு வந்தது. "டேய், வேண்டாம்னு சொல்லுங்கடா!" என்று கத்தினார்.

"வேண்டாமுங்க" என்று கைகூப்பினான் வெள்ளியங்கிரி.

"எங்களுக்கும் வேண்டாமுங்க" என்றார்கள் மற்ற இருவரும்.

நீதிபதி எவ்வளவோ எடுத்துச் சொன்னார். மூவரும் மேனேஜர் முகத்தைப் பார்த்துப் பார்த்துத் தலையாட்டி, வழக்கை வாபஸ் வாங்கிக் கையெழுத்தும் போட்டார்கள். வெளியே வந்ததும் மேனேஜர் முன்னால் வரிசையாக நின்றார்கள்.

"அடுத்து என்ன செய்யட்டுமுங்க?"

"போய் வீட்டைக் காலி பண்ணுங்கடா!"

வெள்ளியங்கிரிக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. பழனியாத்தாளிடம் ஓடினான்.

"பாத்தியா புள்ள, மறுபடியும் வேலை குடுத்துட்டாரு!"