கள்ளிக்கு முள் வந்த நாள்

அந்தக் காலத்தில், செடிக்கும் வாய் இருந்தபோது, சீரங்காயி வருவது கண்ணுக்கு முன்னால் காதுக்குத் தெரிந்துவிடும். இடுப்புக் குடத்தில் தண்ணீர் சளக் சளக்கென்று அலம்பும். பிறகுதான் வேலி மூலையில் அவள் தலை தெரியும்.

முந்தின பஞ்சத்தில், பிழைப்புத் தேடி ஊரைவிட்டு நடந்தபோது, அவளுடைய பெண் குழந்தை "தண்ணி, தண்ணி" என்று கேட்டுக்கொண்டே தோளில் அடங்கிப்போனது. மழை திரும்பியபின் அவளும் ஊர் திரும்பினாள். வழியில், குழந்தையைப் புதைத்த மேட்டில் உள்ளங்கை அளவுக்கு ஒரு கள்ளி நின்றது. அதைப் பெயர்த்து வந்து கொல்லையில் ஒரு பானையில் வைத்தாள். பானையின் அடி ஓட்டையைக் களிமண்ணால் அடைத்தாள். ஒரு சொட்டுகூட வீணாகக் கூடாது அவளுக்கு.

அப்போது கள்ளிக்கு முள் கிடையாது. வழவழவென்று இருக்கும்.

"போதும் ஆத்தா. நேத்து ஊத்துனதே அடியில நிக்குது."

"சும்மா இரு கண்ணு. வெயிலப் பாத்தியா?"

வேலியிலிருந்த ஓணான் தலையை ஆட்டியது. "நல்லா ஊத்து தாயி. நாளைக்கு மீன் விட்டுரலாம்."

"உன்னையக் கேட்டனா? போடா மண்டையாட்டி!"

கள்ளியின் குரல் நாளுக்கு நாள் கம்மியது. தொண்டை வறண்டுவிட்டதென்று நினைத்து அவள் இன்னும் ஊற்றினாள். ஒருநாள் குடத்தின் சத்தம் கேட்டதுமே அது அழ ஆரம்பித்தது. தொட்டுப் பார்த்தாள். அடிப்பகுதி அழுகிய கத்தரிக்காய் போல விரலுக்குள் அமுங்கியது.

"ஐயோ, நான் என்ன செய்யட்டும்?"

"அழுகினத அறுத்துப் போடு. மிச்சத்த நிழல்ல வையி. மண்ணு வேணாம், தண்ணி வேணாம். புண்ணு காயட்டும்."

"காய விடுறதா? உன்னையா? இன்னொருக்கா என்னால முடியாது சாமி."

"அவளுக்குக் குடுக்க முடியாத தண்ணிய எனக்கு ஊத்துற. நான் அவ இல்ல ஆத்தா."

சீரங்காயி குடத்தை இறக்கி வைத்தாள். பிறகு அரிவாள்மனையை எடுத்து வந்து அறுத்தாள். நல்ல துண்டை முறத்தில் வைத்து நிழலில் விட்டாள். அது நாளாக நாளாகச் சுருங்கியது. ஒரு மத்தியானம் அவளுக்குப் பொறுக்கவில்லை. சொம்பு நிறையத் தண்ணீரோடு கையை நீட்டினாள்.

கள்ளி தன்னிடம் மிச்சமிருந்த குரலையெல்லாம் உள்ளுக்கு இழுத்து, உடம்பெங்கும் முள்ளாக நிறுத்தியது. விரலில் சுருக்கென்றது. சொம்பு தரையில் கவிழ்ந்தது. விரலில் ரத்தத்தோடு அப்படியே உட்கார்ந்து, மேட்டில் குழிதோண்டிய நாளில் அழாத அழுகையை அவள் அன்று அழுது தீர்த்தாள்.

அப்புறம் கள்ளி பேசவே இல்லை.

புண் காய்ந்தது. அவள் பானையின் களிமண்ணைக் குத்தி எடுத்துவிட்டு, மணலைக் கலந்து அதை நட்டாள். தினமும் மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்ப்பாள். நன்றாக உலர்ந்திருந்தால் மட்டும் ஒரு கை தண்ணீர். ஒரு காலையில் முள்ளுக்கு நடுவே ஒரு பூ நின்றது, பச்சைக்குழந்தையின் காதுமடல் நிறத்தில். ஓணான்கூட வேலியிலிருந்து இறங்கி வந்து பார்த்தது.

அன்று முதல்தான் கள்ளி, வேண்டாம் என்பதை முள்ளாலும் மற்றதையெல்லாம் பூவாலும் சொல்கிறது. அதை வளர்ப்பவர்களும் அடியில் ஓட்டையுள்ள தொட்டியாகப் பார்த்து வைத்து, விரலால் மண்ணைக் கேட்டுவிட்டே ஊற்றுகிறார்கள்.

பூ பூத்த அந்தக் காலையிலும் சீரங்காயி விரலை விட்டுப் பார்த்தாள். ஈரம் இருந்தது. குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு கனகாம்பரத்துக்கு ஊற்றப் போனாள்.