பித்தளைச் சொம்பில் இருந்த பெயர்

முன்னொரு காலத்தில், ராஜாக்கள் தூங்கும்போதுகூடக் கிரீடத்தைக் கழற்றாத காலத்தில், ஈச்சங்காடு என்று ஓர் ஊர் இருந்தது. கூலியில்லாமல் அரண்மனைக்குக் கல் சுமக்க வரச் சொன்னான் ராஜா. ஊர் மாட்டேன் என்றது. சிப்பாய்கள் கொள்ளையடிக்க வருவார்கள் என்று சனங்கள் பாத்திரம் பண்டங்களைப் புதைத்து வைத்தார்கள். ஆனால் வந்தவன் ஒரு மாயாவி. அவன் கைதட்டினான், எல்லாருக்கும் எல்லாப் பெயர்களும் மறந்தன. பெயர் மறந்தவர்கள் நின்ற இடத்திலேயே முள்மரமானார்கள்.

குருவம்மா மட்டும் தப்பினாள். புதுத் தட்டில் பெயர் வெட்ட அவள் சந்தைக்குப் போயிருந்தாள். கல்யாணப் பந்தியில் பாத்திரம் மாறாமலிருக்கப் புள்ளி புள்ளியாய்ப் பெயர் வெட்டுவது அவ்வூர் வழக்கம். திரும்பி ஊருக்குள் கால் வைத்ததும் அவளுக்கும் பெயர்கள் மறந்தன; கையிலிருந்த தட்டைப் பார்த்துத் தன் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டாள். அம்மாவின் பெயரோ நினைவில் இல்லை. மரம் மரமாகப் போய் "அம்மா" என்றாள். எதுவும் அசையவில்லை.

வளையிலிருந்து ஓர் உடும்பு தலை நீட்டியது.

"ஊரில் பாதிப் பேர் அம்மாதான். எந்த மரம் திரும்பும்? பெயரைச் சொல்லிக் கூப்பிடு தாயி. கடைசி மரமும் எழுந்தால் மந்திரம் அதைப் போட்டவனையே பிடிக்கும்."

அது ஓர் இரும்பு வளையத்தைக் கொடுத்தது. மண்ணுக்குள் பொன் இருந்தால் வளையம் சிரிக்கும்; வெள்ளி இருந்தால் சீட்டியடிக்கும்; பித்தளை இருந்தால் பிள்ளை மாதிரி அழும்.

வளையத்தைக் கண்ட மாயாவி ஓடி வந்தான். மறுநாள் மரங்களை வெட்டிக் கரி சுடப் போவதாகவும், புதையல் எடுத்துக் கொடுத்தால் அவள் அம்மாவை விட்டுவிடுவதாகவும் சொன்னான்.

வளையம் சிரித்தது. தோண்டினாள், பழைய பொற்காசுகள். மாயாவி வாங்கிக்கொண்டு, "இன்னும்" என்றான்.

வளையம் சீட்டியடித்தது. தோண்டினாள், கொலுசுகள், வெள்ளிக் காசுகள். வாங்கிக்கொண்டு, "இன்னும்" என்றான்.

வளையம் அழுதது. தோண்டினாள், நசுங்கிய சொம்பு ஒன்று. மாயாவி அதைக் காலால் எத்தினான். "ஓட்டைச் சொம்பு. நீயே வைத்துக்கொள்."

உடும்பு கேட்டது: "வாக்கு என்ன ஆச்சு என்று இன்னுமா அவனிடம் கேட்கப் போகிறாய்?"

குருவம்மா கேட்கவில்லை. புளி போட்டுச் சொம்பைத் தேய்த்தாள். பச்சைக் களிம்புக்குக் கீழே புள்ளிகள் தெரிந்தன. விரலால் தடவி, உரக்கப் படித்தாள்.

"காத்தாயி!"

கிணற்றடி மரம் சிலிர்த்தது. முள் உதிர்ந்தது. அவள் அம்மா எழுந்து நின்று, "பெற்றவளைப் பேர் சொல்லியா கூப்பிடுகிறாய்?" என்றாள். சொல்லிவிட்டு மகளைக் கட்டிக்கொண்டாள்.

மாயாவி கைதட்டினான். காத்தாயி சொம்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள், மந்திரம் ஏறவில்லை. அம்மாவும் மகளும் தோண்டினார்கள். குடம் வந்தது, குத்துவிளக்கு வந்தது, வெற்றிலைச் செல்லம் வந்தது. ஒவ்வொரு பெயராகக் கூப்பிட, ஒவ்வொருவராக எழுந்து, அவரவர் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு அவர்களும் தோண்டினார்கள். மாயாவி கை சிவக்கத் தட்டினான்.

கடைசியில் ஒரு மரம் மிஞ்சியது. வளையம் ஊமையாகிவிட்டது.

"மண்சட்டியில் கஞ்சி குடித்தவன். அவனுக்குப் பாத்திரம் ஏது, பெயர் ஏது?" என்று மாயாவி சிரித்தான்.

காத்தாயி அந்த மரத்தைச் சுற்றி வந்தாள். ஓரமாய் வளைந்த கிளையைப் பார்த்தாள். கல் சுமக்க மாட்டோம் என்று முதலில் எழுந்து சொன்னவனுக்கு ஒரு தோள் அப்படித்தான் சாய்ந்திருக்கும். மெல்ல வாயைத் திறந்தாள்.

"சடையன்."

பக்கத்தில் நின்றவருக்கு நினைவு வந்தது. அடுத்தவருக்கும் வந்தது. ஊரே சேர்ந்து கூப்பிட்டது.

"சடையா!"

மரம் மனிதனானது. அந்த நொடியே மாயாவியின் காலில் வேர் இறங்கியது.

மறுநாள் மரம் வெட்டக் கோடாலியோடு வந்த ஆட்கள் ஊர் முழுக்க மனிதர் நிற்பதைக் கண்டு கோடாலிகளைப் போட்டுவிட்டுப் போனார்கள். ராஜா தன் கல்லைத் தானே சுமந்தான். காசுகளை ஊர் பங்கிட்டுக்கொண்டது. முதல் பங்கில் சடையனுக்கு ஒரு வெண்கலக் கும்பா வாங்கி, பெயரை ஆழமாக வெட்டிக் கொடுத்தார்கள்.

மாயாவி மரம் மட்டும் ஊர் எல்லையிலேயே நிற்கிறது. அவனை எழுப்ப யாருக்கும் தடையில்லை. ஆனால் அவன் பெயரை அவன் யாருக்கும் சொன்னதே இல்லை.