பாதி சுருட்டிய பாய்

"அம்மா, இடம் இருக்கு. ஆனா சேர மாட்டேங்கு."

சூடான சட்டியைத் தூக்கி வருகிறவர் மாதிரி, மாசானம் லேப்டாப்பை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்து நின்றார்.

வேலம்மை கூடத்தில் பாய் விரித்துக்கொண்டிருந்தாள். அந்த மலையடி ஆசிரமத்துக்கு அவள்தான் குரு. மாசானத்தைவிட வயதில் இளையவள். வந்த புதிதில் அது அவருக்கு உறுத்தியது. இப்போது உறுத்துவது வேறு.

பழைய இரும்புக் கடை வைத்திருந்தவர் அவர். ஓட்டைக் குடத்துக்கும் ஓடாத மோட்டாருக்கும் விலை பேசியே ஆளானவர். கோபம் வந்தால் தராசைத் தூக்கி எறிவார் என்று கடைவீதியில் பெயர்.

கடையை மூடிவிட்டு இங்கே வந்த அன்றே வேலம்மையிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"எல்லாத்தையும் விட்டுட்டுத்தான் வந்திருக்கேன். ஏன் ஒண்ணும் உள்ள தங்க மாட்டேங்கு?"

பார்க்கலாம் பார்க்கலாம் என்றே வருஷங்களை ஓட்டியவள், நேற்றுதான் இறங்கி வந்தாள்.

"நாளைக்குச் சாயங்காலம் சொல்லுதேன். ஒரு தடவைதான்."

ஒரு தடவைதான் என்றால் பதிவு செய்தே தீரவேண்டும். காதில் விழுந்தது விடியும்வரை தங்காத ஆள் மாசானம். லேப்டாப்போ இடமில்லை என்று கையை விரித்துவிட்டது.

"எதுல சேரலை?" என்றாள் வேலம்மை.

"சி டிரைவுல. ஒரே டிஸ்க்குதான் அம்மா. நடுவுல சுவர் வெச்சு ரெண்டாப் பிரிச்சிருக்கு. சி ஆசிரமத்துக்கு. உங்க பேச்சு பூரா அதுலதான் கிடக்கு. ரெக்கார்டரும் அதுலதான் எழுதும். வேற இடம் சொன்னாக் கேக்காது."

"மத்தது?"

"டி."

"அது யாருக்கு?"

மாசானம் தொண்டையைச் செருமினார்.

"அது என்கிட்ட இருக்கு."

"லேப்டாப்பை ஆசிரமத்துக்குக் குடுத்துட்டேன்னீங்க."

"குடுத்தேன்லா. சி-யைக் குடுத்தேன்."

வேலம்மை பாயின் சுருக்கத்தை நீவினாள்.

"டி-யில என்ன இருக்கு?"

"ஒண்ணும் கிடையாது. காலி. ஒரே ஒரு படம் கிடக்கு. கடை போர்டு."

"என்ன போர்டு?"

"'மாசானம் இரும்புக் கடை, புதிய கிளை.' சும்மா எழுதி வெச்சது. கடை போடுற எண்ணமெல்லாம் இல்ல."

"போடாத கடைக்கு அம்புட்டுப் பெரிய குடோனா?"

"ஒரு இதுக்குத்தான்."

மூக்கு விடைத்தது அவருக்கு. ஆனாலும் லேப்டாப்பைப் பதனமாகத்தான் கீழே வைத்தார்.

"நானும் இறங்கி வராம இல்லம்மா. டி-யைப் பாதியாக் குறைச்சேன். குறைஞ்சுது. மிச்ச இடம் கண்ணு முன்னால கிடக்கு. சி-யை விரிக்கலாம்னா, 'விரி'ங்கிற எழுத்தே மங்கிப்போய்க் கிடக்கு. அமுக்கினா அமுங்க மாட்டேங்கு. சரின்னு முக்காவாசி குறைச்சேன். அப்பவும் அதே கதை. எந்த ஏவாரி இம்புட்டு இறங்கி வருவான்?"

பேசப் பேசக் கோபம் வடிந்துவிட்டது. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு திரையையே பார்த்தார்.

"இடம் இருக்கு, சேரலை. அது எப்படிங்கேன்?"

வேலம்மை சுவரோரம் தன் பாயில் உட்கார்ந்தாள்.

"உங்க பாயை இதை ஒட்டி விரிங்க."

விரித்தார். இரண்டு பாயின் விளிம்பும் தொட்டுக்கொண்டன. அவள் பாயை விட்டுத் தள்ளி மறுகோடியில் உட்காரப் போனவரை, "விளிம்புல உக்காருங்க. இந்தப் பக்கத்து விளிம்புல" என்றாள்.

உட்கார்ந்தார்.

"எனக்குக் காலை நீட்டணும். இடம் குடுங்க."

"இதென்ன பெரிய காரியம்."

உட்கார்ந்த வாக்கிலேயே முதுகுப் பக்கம் கையை எட்டிப் பாயின் மறுகோடியிலிருந்து பாதியைச் சுருட்டினார். அவருக்குப் பின்னால் வெறும் தரை தெரிந்தது.

"இந்தா, பாதி."

வேலம்மை காலை நீட்டினாள். மாசானத்தின் முழங்காலில் இடித்தது.

இன்னும் சுருட்டினார். கடைசியில் உட்காரும் அளவுக்குத்தான் பாய் மிஞ்சியது.

மறுபடி நீட்டினாள். மறுபடி இடித்தது.

"இடம் எங்க இருக்கு?"

"எனக்குப் பின்னால."

"நான் எங்க இருக்கேன்?"

"முன்னால."

மாசானம் பின்னால் திரும்பித் தரையைப் பார்த்தார். முன்னால் குனிந்து அவள் காலைப் பார்த்தார்.

"அப்ப நடுவுல..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

தான் உட்கார்ந்திருந்த விளிம்பைத் தொட்டு, "இந்தப் பக்கத்துல இருந்து சுருட்டினா?" என்றார்.

"உங்க மெஷின் சுருட்டுமா?"

"சுருட்டாது. அந்தக் கோடியில இருந்துதான் சுருட்டும்."

"பிறகென்ன?"

"நீங்களா ஒரு விலை சொல்லுங்க. முடிச்சுக்கிடுவோம்."

"பாதிப் பாயைச் சுருட்டிக்கிட்டு ஊரை விட்டுப் போனவன் எவனாவது உண்டா, மாசானம்?"

அவர் எழுந்தார். பாயை முழுசாகச் சுருட்டி மூலையில் சாத்தினார்.

வேலம்மை காலை நீட்டிக்கொண்டாள்.

மாசானம் வெறும் தரையில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தார். டி-யை அழிக்கச் சொன்னார். இதில் இருக்கிறதெல்லாம் போய்விடும், சம்மதமா என்று அது கேட்டது.

"அம்மா, அந்த போர்டை மட்டும் ஒரு பென்டிரைவுல..."

வேலம்மை கால் விரல்களுக்குச் சொடக்கு எடுத்துக்கொண்டிருந்தாள்.

அமுக்கினார்.

சுவர் போயிற்று. மங்கிக் கிடந்த எழுத்து பளிச்சென்று ஆனது. விரி என்றதும் சி விரிந்தது. இந்த ஓரம் முதல் அந்த ஓரம் வரை ஒரே பட்டையாகக் கிடந்த டிஸ்க்கை, தராசு முள்ளைப் பார்க்கிறவர் போல, அவர் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

சாயங்காலம் வேலம்மை விளக்கேற்றிவிட்டு வந்து உட்கார்ந்தாள். மாசானம் மைக்கை அவள் பக்கம் திருப்பினார். பதிவு ஓடத் தொடங்கியது.

"உங்க கேள்வியைக் கேளுங்க."

மாசானம் வாயைத் திறந்தார். மூடினார். மடியைத் தொட்டுப் பார்த்தார், கேள்வியை அதில் முடிந்து வைத்திருந்த மாதிரி.

பிறகு சிரிக்கத் தொடங்கினார்.

"அது டி-யில இருந்துச்சும்மா."