ஆடுற குதிரை

கோமதிநாயகத்துக்குத் தலை நரைச்சிருச்சு. அவரோட குருவுக்கு இன்னும் நரைக்கல. ஊருக்குள்ள இதை வச்சே சிரிப்பாங்க. குரு சிவனம்மாவுக்கு முப்பத்தஞ்சு வயசு இருந்தா அதிகம். சுடுகாட்டுப் பக்கத்து மடத்துல தனியா இருந்தா. எல்லாரும் "சாமி"ன்னு கூப்பிட்டாங்க, நாயகமும்தான்.

ஒருநாள் காலையில நாயகம் மடத்துக்கு வந்து நின்னாரு. ராத்திரி கண்ண மூடாத மூஞ்சி.

"சாமி, குதிரையா மாடா?"

"எதுக்கு?"

"சவாரிக்கு. வீட்டுக்காரி உலகம்மைக்கு மூச்சு வாங்குறது நிக்கல. மருந்து மேலக்காட்டு வைத்தியர்கிட்டதான் இருக்கு. பச்சையா இடிச்சுத் தர்றாரு, ரெண்டு நாளைக்கு மேல தாங்காது. நடந்து போய் நடந்து வந்தா என் காலுக்கே வைத்தியம் பாக்கணும்."

"சரி."

"மாடுன்னா வைக்கோல், கழுநீர், கொஞ்சம் புண்ணாக்கு. அதோட முடிஞ்சுது. சவாரி இல்லாத நாள்ல உழும். சாணி போடும். குதிரைன்னா கொள்ளு கேக்கும், பச்சைப் புல்லு கேக்கும். தேய்ச்சு விட ஒரு ஆளு வேணும், அந்த ஆளுக்கும் சோறு போடணும். எனக்கு மாமனார் வீட்டுல கூட அப்படி உபசாரம் நடந்ததில்ல."

"குதிரை சாணி போடாதா?"

"போடும் சாமி. ஆனா உழாதே."

"அப்ப மாடு வாங்குங்க."

"மாடு காலையில கிளம்பினா விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் திரும்பும். அதுவும் நடுவுல எங்கயும் படுக்கலன்னா. குதிரைன்னா மத்தியானத்துக்குள்ள வந்துரலாம். அங்கதான் இடிக்குது."

சிவனம்மா எந்திரிச்சு நடந்தா. நாயகம் பின்னாலேயே போனாரு, கொள்ளையும் புண்ணாக்கையும் பேசிக்கிட்டே. அவ நேரா அவர் வீட்டுக்குள்ள போனா. உலகம்மையோட கட்டில் ஓரத்துல உக்காந்தா, விசிறிய எடுத்து வீசினா.

நாயகம் வாசல்லயே நின்னுக்கிட்டாரு.

"சாமி, பதில் சொல்லலையே."

"உலகம்மைகிட்ட கேட்டீங்களா?"

"அவளுக்கு என்ன தெரியும்? மூச்சு விடுறதே பெரும்பாடா இருக்கு. இதுல கொள்ளு கணக்கு வேறயா?"

உலகம்மை தலையத் திருப்பி வாசலப் பாத்தா. பேசுறதுக்கு மூச்சு சேக்குறதுக்குள்ள அவர் சந்தைக்குக் கிளம்பிட்டாரு.

சந்தையில அவருக்கு ஒரு வெள்ளைக் குதிரை கிடைச்சுது. குதிரை விலை இல்ல, கிட்டத்தட்ட மாட்டு விலை. நாயகத்துக்குத் தலைகால் புரியல. குதிரை வேகம், மாட்டுச் செலவு, ரெண்டும் ஒரே கயித்துல! விக்கிறவன் ஏன் தரையப் பாத்துக்கிட்டே பேசுனான்னு அவர் யோசிக்கல.

அது கல்யாண ஊர்வலத்துல ஆடுற குதிரை. வயசாகி வித்துட்டாங்க. காலுக்கு வயசானாலும் காது இளமையாத்தான் இருந்துச்சு. மேளம் எங்க கேட்டாலும் நின்னு ஆடும். மேளம் ஓயுற வரைக்கும் நகராது.

மறுநாள் விடிஞ்சதும் கிளம்புனாரு. உலகம்மை முழங்கைய ஊனி எந்திரிக்கப் பாத்தா.

"ஏங்க, இன்னிக்கு ஒரு நாள் போகாம இருங்களேன்."

"நல்லா இருக்கே கதை! நேத்து வாங்குன குதிரை. ராத்திரி பூரா கொள்ளு தின்னுருக்கு. சும்மா கட்டிப்போடவா?"

வாசல்ல இருந்துதான் சொன்னாரு. குதிரை கயிறு கையில இருந்துச்சு.

போகும்போது ஒரு தொந்தரவும் இல்ல. குதிரை காத்தா பறந்துச்சு. வைத்தியர் மருந்து இடிச்சு இலையில கட்டிக் குடுத்தாரு. 'மத்தியானச் சோத்துக்கு வீட்டுல இருப்பேன்'னு நாயகம் நினைச்சுக்கிட்டாரு. ஜெயிச்ச மாதிரி இருந்துச்சு.

பாதி வழியில ஒரு ஊர்ல காதுகுத்து. மேளச் சத்தம் கேட்டதும் குதிரை காத நிமித்துச்சு. அவ்வளவுதான். பந்தல் முன்னால போய் நின்னு, முன்னங்கால மாத்தி மாத்தித் தூக்கி ஆட ஆரம்பிச்சுது. அவர் குதிகாலால இடிச்சாரு, திட்டுனாரு, கெஞ்சுனாரு. சனங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க.

"அண்ணாச்சி, சொல்லாம கொள்ளாம ஆட்டத்தக் கொண்டாந்துட்டீங்களே!"

"ஐயா, அந்த மேளத்தக் கொஞ்சம் நிப்பாட்டுங்க. வீட்டுல உடம்புக்கு முடியலய்யா."

"பொண்ணுக்குக் காது குத்துற நேரத்துல நிப்பாட்டவா? ஏறி உக்காந்தது நீங்க, எறங்கத் தெரியாதா?"

எறங்கி இழுத்தும் பாத்தாரு. அது அவரையும் சேத்து ஆட்டி வச்சுது. பொழுது சாயுற வரைக்கும் மேளம் ஓயல. யாரோ அவர் கழுத்துல மாலை போட்டாங்க. இன்னொருத்தர் வெத்தலைய வாயிலயே திணிச்சாரு.

தன் ஊர் கிட்ட வந்தப்ப குதிரை மறுபடியும் காத நிமித்துச்சு.

"சனியனே, இங்க ஏது மேளம்?"

குதிரை கால மாத்தி வைக்க ஆரம்பிச்சுது. அவர் காதுக்கு இன்னும் எதுவும் எட்டல. கொஞ்சம் தள்ளி வந்தப்புறம்தான் எட்டுச்சு. காதுகுத்து மேளம் இல்ல, சாவுக்கு அடிக்கிற அடி.

யாரோ எவரோன்னு நினைச்சுக்கிட்டாரு. தெரு முனை திரும்புற வரைக்கும் அப்படியே நினைச்சாரு.

குதிரை கூட்டத்தப் பிளந்துக்கிட்டு, ஆடிக்கிட்டே, அவர் வீட்டு வாசலுக்குப் போச்சு. மேல அவர், கழுத்துல மாலை, வாய் சிவந்து, மடியில மருந்து. யாரும் சிரிக்கல. அடிக்கிறவங்க அவரப் பாத்ததும் கையத் தாழ்த்துனாங்க. சத்தம் நின்னுச்சு. அதுக்கப்புறம்தான் குதிரையும் நின்னுச்சு.

எல்லாம் முடிஞ்சு சனங்க கலைஞ்சப்புறம் நாயகம் வாசல்ல உக்காந்திருந்தாரு. குதிரை முளைக்குச்சிக்கிட்ட நின்னு கொள்ளு தின்னுக்கிட்டு இருந்துச்சு. சிவனம்மா உள்ள இருந்து வந்தா. கையில விசிறி அப்படியே இருந்துச்சு.

"எப்ப உயிர் போச்சு சாமி?"

"வெயில் ஏறும்போது."

அவர் இலைக்கட்ட அவுத்துப் பாத்தாரு. மருந்து இன்னும் பச்சையாத்தான் இருந்துச்சு.

"மாடு வாங்கியிருந்தா?"

"அந்நேரத்துக்குப் பாதி வழியில இருந்திருப்பீங்க."

"நல்ல குதிரையா வாங்கியிருந்தா? முழு விலை குடுத்து? ஆடாத குதிரையா?"

"அந்நேரத்துக்கு வைத்தியர் வீட்டுல இருந்திருப்பீங்க."

"அப்ப எதுல போயிருந்தா நான் அவளப் பாத்திருப்பேன்? அத மட்டும் சொல்லுங்க சாமி."

சிவனம்மா அவர் உக்காந்திருந்த இடத்தப் பாத்தா. அப்புறம் உள்ள கெடந்த காலிக் கட்டிலப் பாத்தா.

"இங்க இருந்து அங்கயா?"ன்னு கேட்டா. "அதுக்கு எதுவும் வேணாமே, நாயகம்."