மிதவைக் கட்டில்

“இதுவரைக்கும் ஒருத்தரும் ஒரு வரி பதில் போடலை, சாமி” என்றாள் பவளக்கொடி.

ஆற்றங்கரை மடத்தில் சாமி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவளைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் அவரைத்தான் அவள் குருவாக வரித்திருந்தாள்.

“யார் யாருக்கு எழுதினீங்க?”

“எம்.எல்.ஏ.வுக்கு, எம்.பி.க்கு, சுகாதார மந்திரிக்கு. எதிர்க்கட்சித் தலைவரையும் விடலை.”

பவளக்கொடி அந்த ஊர் நர்ஸ். ஆற்றின் நடுவே நாணல்திட்டு என்றொரு குடியிருப்பு. வெள்ளம் வந்துவிட்டால் அங்கிருந்து பரிசலில்தான் வர வேண்டும். பரிசலில் உட்காரலாம், படுக்க இடமில்லை. போன ஐப்பசியில் பிரசவ வலியோடு வந்த அமுதராணி நடு ஆற்றிலேயே போய்விட்டாள். அவள் கை கடைசிவரை பவளக்கொடியின் கைக்குள்தான் இருந்தது.

அதற்குப் பிறகு வந்ததுதான் அவள் கடிதங்களில் எழுதிய யோசனை. நாலு பிளாஸ்டிக் டிரம்மின் மேல் ஒரு கட்டில். நோயாளி படுத்தபடியே வரலாம். பின்னால் ஒருவர் நின்று மூங்கில் கழியை ஊன்றித் தள்ளலாம்.

இப்போது மறுபடியும் ஐப்பசி. மேற்கே மழை பிடித்துக்கொண்டது என்றார்கள். திட்டில் இரண்டு பெண்களுக்கு மாதம் நெருங்கியிருந்தது. தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டாலே பவளக்கொடி வாசலுக்கு ஓடினாள்.

“நாளைக்கு மந்திரி உங்களைப் பார்க்க வர்றாராமே. நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும், சாமி.”

“சொல்றேன்.”

அவ்வளவு சுலபமாகச் சம்மதிப்பார் என்று அவள் நினைக்கவில்லை. கண் கலங்கிவிட்டது.

“அவரும் சரின்னு சொல்லி, ‘எங்கே, ஓட்டிக் காட்டுங்க’ன்னு கேட்டா?” என்றார் சாமி.

பவளக்கொடி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“கட்டில் செஞ்சாச்சா?”

“செஞ்சு ஆறேழு மாசமாச்சு. வீட்டுக்குப் பின்னால கிடக்கு.”

“தண்ணியில விட்டுப் பார்த்தீங்களா?”

“இல்லை. மேலிடத்து உத்தரவு இல்லாம எப்படி...”

சாமி அடுத்த கீரைத் தண்டை எடுத்தார்.

“கவுந்துட்டா?” என்றாள். “இன்னொரு உயிர் என் கையில போனா நான் தாங்க மாட்டேன், சாமி. பதில் வரலையேன்னு கிடந்து தவிச்சேன். இப்ப, வந்துடுமோன்னு இருக்கு.”

சாமி முறத்தை ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்தார்.

“வாங்க, தூக்கிட்டு வருவோம்.”

இருவருமாகச் சுமந்து வந்து துறையில் இறக்கினார்கள். ஆற்றுத் தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறத் தொடங்கியிருந்தது. சாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். கால் நீட்டிப் படுத்துக்கொண்டார்.

“நீங்க வேண்டாம், சாமி. மணல் மூட்டை வச்சுப் பார்க்கலாம்.”

“மூட்டைக்கு எங்கே பயம் தெரியும்?”

“உங்களுக்கு நீச்சல்...”

“தெரியாது. தள்ளுங்க.”

அவள் ஆற்றைப் பார்த்தாள். திட்டைப் பார்த்தாள். பின்னால் ஏறி நின்று கழியை ஊன்றினாள்.

கரை மெல்ல விலகியது. கட்டில் மிதந்தது. கழியை மாற்றி மாற்றி ஊன்றித் தள்ளிக்கொண்டு போனாள்.

நடு ஆற்றில் இழுப்பு கூடியது. கட்டில் ஒரு சுற்று சுற்றி, ஒரு பக்கமாகச் சரிந்தது. தண்ணீர் ஏறி சாமியின் தோளை நனைத்தது. அவர் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, மந்திரத்தை வேக வேகமாக முணுமுணுத்தார்.

“மந்திரம் அப்புறம், சாமி!” என்று கத்தினாள் பவளக்கொடி. “இடது பக்கம் இறங்குது. வலப்பக்கமா நகருங்க!”

சாமி நகர்ந்தார். கட்டில் மெல்ல நிமிர்ந்தது.

“இன்னும் கொஞ்சம்” என்றாள்.